மண்ணுக்கு அடியில் யார் சொத்து?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ வக்கீலாச்சே, எல்லாருக்கும் பயன்படுற மாதிரி சட்டத்தைப் பத்தி ஏதாவது பேசு. ஆனா தூங்க வெச்சுடாதே" என்று செயலாளர் கட்டளையிட்டிருக்கிறார். பந்திக்கு முந்த வேண்டிய நேரத்தில் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். ஆகவே ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். எண்ணெய், எரிவாயு சம்பந்தமாக நிலத்துக்காரரிடம் ஒரு காகிதம் வந்து கையெழுத்துக் கேட்டால், அதை எப்படிப் படிப்பது, எப்படிப் பேரம் பேசுவது என்பதுதான் அது.

"ராயபுரத்துல எண்ணெய்க் கிணறு எங்கடா இருக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பழைய குரல் கேட்கிறது. நியாயமான கேள்வி. கிணறு இல்லை. ஆனால் நம் பக்கத்து மண்ணைப் போல எண்ணெயோடு பழகிய மண் தமிழ்நாட்டில் குறைவு. 1965-இல் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ்தான் இன்றைய சி.பி.சி.எல். 1969-இலிருந்து மணலியில் எண்ணெய் சுத்திகரிக்கப்படுகிறது. துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய் நம் வட்டாரத்தின் அடியில் குழாய் வழியாகத்தான் மணலிக்குப் போகிறது. எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் 2019 முதல் எல்.என்.ஜி. முனையம் நடக்கிறது. அங்கிருந்து எரிவாயுக் குழாய் பல மாவட்டங்களின் வயல்களைத் தாண்டிச் செல்கிறது.

அது மட்டுமா? நம் கல்லூரியில் படித்தவர்களில் சிலருக்குத் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பூர்வீக நிலம் உண்டு. சிலருக்கு மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் இரண்டு ஏக்கர் உண்டு. சிலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில், டெக்சாஸில் வீடு வாங்கியிருக்கிறார்கள். இந்த மூன்று பேருக்கும் மூன்று விதமான காகிதம் வரலாம். மூன்றிலும் மண் ஒன்றுதான், சட்டம் வேறு வேறு.

முதலில் குத்தகை என்ற சொல். நம் பேட்டையில் "வீட்டை லீசுக்கு விட்டிருக்கேன்" என்றால் ஒரு பெருந்தொகையை வாங்கிக்கொண்டோம், மாத வாடகை கிடையாது, காலி பண்ணும்போது பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பொருள். வீடு வீடாகவே இருக்கும். எண்ணெய்க் குத்தகை அப்படி இல்லை. எடுத்த எண்ணெய் திரும்ப வராது. எடுத்தவன் வெறும் கிணற்றைத்தான் திருப்பித் தருவான். ஆகவே அது பெயரளவில் குத்தகை, உள்ளபடி பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும் கிரயம். இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

அமெரிக்காவில் நிலத்துக்கு அடியில் உள்ள எண்ணெயும் வாயுவும் தனியார் சொத்தாக இருக்க முடியும். மேல் மண்ணை ஒருவருக்கும் அடியில் இருப்பதை இன்னொருவருக்கும் தனித்தனியாக விற்கவும் முடியும். 1901-இல் டெக்சாஸ் போமாண்ட் அருகே ஸ்பிண்டில்டாப் கிணறு பீறிட்டதிலிருந்து அங்கே கம்பெனி ஆட்கள் வீடு வீடாகப் போய்க் குத்தகை எழுதி வாங்குவது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. அந்த ஆளுக்கு 'லேண்ட்மேன்' என்று பெயர்.

என் மைத்துனர் மகன் ஃபோர்ட் வொர்த் பக்கத்தில் வீடு வாங்கியிருந்தான். 2008-ஆம் வருடம் ஒரு நாள் ராத்திரி போன் வந்தது. "மாமா, ஒருத்தர் வந்து பேப்பர் குடுத்துட்டுப் போயிருக்கார். நம்ம வீட்டுக்கு அடியில கேஸ் இருக்காம். கையெழுத்துப் போட்டா உடனே செக் தர்றேங்கறார். போடட்டுமா?"

"மாப்ளே, முதல்ல அது உன்னோட கேஸ்தானான்னு பாரு. உன் கிரயப் பத்திரத்துல அடியில இருக்குற உரிமையும் சேர்த்து எழுதியிருக்கா, இல்ல வித்தவரு நிறுத்தி வெச்சுக்கிட்டாரா? அந்த ஊர் பதிவு ஆபீஸ்ல போய்ப் பாரு. அப்புறம் அந்த ஊர் வக்கீல் ஒருத்தரைப் பாரு. நான் இங்கேருந்து புத்திதான் சொல்ல முடியும்."

நல்லவேளை, உரிமை அவனிடம்தான் இருந்தது. அதன் பிறகு அந்தக் காகிதத்தை இருவருமாக வரி வரியாகப் படித்தோம். அதில் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் கையில் தரும் முன்தொகை. இதை அங்கே போனஸ் என்கிறார்கள். ஏக்கர் கணக்கில் தருவார்கள். 2008 கோடையில் ஃபோர்ட் வொர்த் வட்டாரத்தில் அது ஏக்கருக்கு 20,000 டாலருக்கு மேல் ஏறியது. அதே ஆண்டின் இறுதியில் பொருளாதாரச் சரிவு வந்து வாயு விலை விழுந்தபோது, கம்பெனிகள் பேசிய விலையிலிருந்து பின்வாங்கின. வாய்ப்பேச்சை நம்பியிருந்தவர்கள் ஏமாந்தார்கள். தனித்தனி வீட்டுக்காரருக்கு அரைக்கால் ஏக்கரும் கால் ஏக்கரும்தான் இருக்கும். ஆகவே அங்கே பல குடியிருப்புகள் சங்கமாகச் சேர்ந்து ஒரே குரலில் பேரம் பேசின. டல்லாஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையமே 2006-இல் தன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, முன்தொகையாக மட்டும் சுமார் 18.5 கோடி டாலரும், அதற்கு மேல் நான்கில் ஒரு பங்கு ராயல்டியும் பெற்றது. பெரிய நிலத்துக்குப் பெரிய பேரம். சின்ன நிலத்துக்காரருக்குக் கூட்டுதான் பலம்.

இரண்டாவது, காலம். மூன்று ஆண்டு அல்லது ஐந்து ஆண்டு என்று போட்டிருக்கும். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே "அதன் பிறகு எண்ணெயோ வாயுவோ கிடைத்துக்கொண்டிருக்கும் வரை" என்று ஒரு தொடர் இருக்கும். மூன்று ஆண்டு என்று நினைத்தது முப்பது ஆண்டு ஆகலாம். நூறு ஏக்கரில் ஒரு மூலையில் ஒரு கிணறு ஓடினால் மொத்த நூறு ஏக்கரும் கம்பெனியின் கையிலேயே நிற்கும். இதற்கு மருந்தாக லூசியானா மாநிலத்து வக்கீல் ஒருவர் 1947-இல் ஒரு ஷரத்தை எழுதினார். கிணற்றோடு சேராத நிலம் குறித்த காலத்தில் விடுபட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். அவர் பெயராலேயே அது இன்றும் 'பியூ ஷரத்து' என்று வழங்குகிறது. கேட்டால்தான் அதைச் சேர்ப்பார்கள். கேட்காவிட்டால் யாரும் நினைவூட்டுவதில்லை.

மூன்றாவது, ராயல்டி. இதை நம் ஊர் வாரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விளைந்ததில் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. பழைய வழக்கம் எட்டில் ஒன்று, அதாவது 12.5 சதவீதம். பென்சில்வேனியாவில் 1979-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குக் குறையக் கூடாது என்றே சொல்கிறது. சரி, எட்டில் ஒன்று எதிலிருந்து? இங்கேதான் சூட்சுமம்.

வாரத்துக்கு விட்ட நெல்லைக் களத்து மேட்டிலேயே அளந்து கொடுப்பது ஒரு முறை. மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து, மூட்டை கட்டி, கொத்தவால் சாவடியில் விற்ற விலையில் பங்கு தருவது இன்னொரு முறை. களத்து விலை குறைவு, சந்தை விலை அதிகம். நடுவில் உள்ள வண்டிக் கூலியையும் அரவைக் கூலியையும் யார் ஏற்பது? எண்ணெயிலும் இதே சண்டைதான். டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1996-இல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. குத்தகையில் "செலவு எதையும் பிடிக்கக் கூடாது" என்று எழுதியிருந்தும், வேறொரு வரியில் "கிணற்று வாயில் உள்ள சந்தை விலை" என்று இருந்ததால், கிணற்றுக்கு அப்பால் ஆகும் செலவைக் கம்பெனி கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. 2015-இல் அதே நீதிமன்றம் இன்னொரு குடும்பத்தின் குத்தகையில் வார்த்தைகள் வேறு மாதிரி இருந்ததால் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் ஒன்றுதான், மாநிலம் ஒன்றுதான். ஒரு குடும்பம் தோற்றதும் இன்னொரு குடும்பம் ஜெயித்ததும் கையெழுத்துக்கு முன்னால் எழுதப்பட்ட சில சொற்களால்தான்.

மாப்பிள்ளை அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து பேசினான். "செக் எவ்வளவு" என்று ஆரம்பித்த கூட்டம், கடைசியில் "செலவு யாருது, சத்தம் எத்தனை மணி வரைக்கும், கிணறு வீட்டுலேருந்து எத்தனை அடி தூரம்" என்று கேட்டதாம். அதுதான் சரியான கேள்வி.

சரி, இனி நம் ஊருக்கு வருவோம்.

இங்கே கடலுக்கு அடியில் இருப்பது ஒன்றிய அரசுக்கு என்று அரசியலமைப்பின் 297-ஆம் பிரிவு சொல்கிறது. தரையில் எண்ணெய் எடுக்க வேண்டுமானால் 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டப்படி அரசின் குத்தகை வேண்டும். 2025-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி 'பெட்ரோலியக் குத்தகை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். தரையில் எடுக்கும் எண்ணெய்க்கு ராயல்டி வாங்குவது மாநில அரசு. 1999-க்குப் பிறகு ஏலம் விட்ட தரைப் பகுதிகளில் கச்சா எண்ணெய்க்கு அது 12.5 சதவீதம், எரிவாயுவுக்கு 10 சதவீதம். கவனித்தீர்களா? டெக்சாஸ் விவசாயிக்குப் போன அதே எட்டில் ஒரு பங்கு இங்கே கஜானாவுக்குப் போகிறது. நிலத்துக்காரருக்கு அதில் காலணா கிடையாது.

"அப்போ என் நெலத்துக்கு அடியில இருக்குறது என்னுது இல்லையா சார்?" என்று கட்சிக்காரர்கள் கேட்பார்கள். இதற்கு ஒற்றை வரியில் பதில் சொன்னால் தவறாகிவிடும். 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் மலபார் ஜன்மி நிலங்களைப் பற்றி ஒரு வழக்கு முடிந்தது. பழைய சென்னை மாகாணத்து மலபார்தான். அடியில் உள்ள கனிமம் எல்லாம் அரசுக்கே சொந்தம் என்று எந்தச் சட்டமும் பொதுவாக அறிவிக்கவில்லை, சட்டப்படி பறிக்கப்படாத வரை நிலத்துக்காரருக்கே அது உரியது என்று நீதிமன்றம் சொன்னது. அது கல், மண் சம்பந்தப்பட்ட வழக்கு. சொந்தம் என்பது வேறு, எடுக்கும் அனுமதி என்பது வேறு. எண்ணெயைப் பொறுத்தவரை அனுமதியின் சாவி அரசிடம்தான். பிறகு 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த பெரிய அமர்வு, ராயல்டி என்பது வரி அல்ல, குத்தகைக்காரர் கனிமத்துக்காகக் குத்தகை தருபவருக்குக் கொடுக்கும் பிரதிபலன் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நம் தமிழ்நாட்டுச் சிமெண்ட் கம்பெனி ஒன்றின் வழக்கில் 1989-இல் வந்த தீர்ப்பைத்தான் அது மாற்றியது. நாற்பது மதிப்பெண்ணுக்குப் படிக்கும் சட்ட மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆக, இங்கே நிலத்துக்காரர் பேரம் பேசுவது மேல் மண்ணுக்கு மட்டும்தான். அதனால் பேரமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. காவிரிப் படுகையில் கிணறு தோண்ட விவசாயியின் வயலைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். வயலில் மண் கொட்டி மேடாக்கி, கனரக வண்டி போகச் சாலை போடுவார்கள். அந்தக் காகிதத்தில் வாடகையை மட்டும் பார்க்கிறவர்கள்தான் அதிகம். நான் பார்க்கச் சொல்வது வேறு. குத்தகை முடியும் தேதி தெளிவாக இருக்கிறதா? புதுப்பிப்பது இரு தரப்பு சம்மதத்திலா, தானாகவேவா? மேல் மண்ணை எடுத்தால் எங்கே குவித்து வைப்பார்கள், திருப்பிப் போடுவது யார் பொறுப்பு? வாய்க்கால் அடைபட்டால் பக்கத்து வயல்காரர் யாரிடம் போவார்? குழாய் கசிந்தால் எத்தனை நாளில் நஷ்ட ஈடு? 2017 ஜூனில் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் வயலில் எண்ணெய்க் குழாய் கசிந்து ஊரே கொந்தளித்தது நினைவிருக்கும். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து, அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயுத் திட்டங்கள் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. ஆனால் பழைய குத்தகைகள் பீரோவில் இருக்கின்றன. வீட்டுக்குப் போனதும் எடுத்துப் படியுங்கள்.

நம் பக்கத்துக் காகிதம் மூன்றாவது வகை, குழாய்க்கான காகிதம். இதற்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இதில் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். அடியில் குழாய் பதிக்கும் உபயோக உரிமையை மட்டும் அரசு எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு அந்தப் பட்டையில் பயிர் வைக்கலாம். வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. இதற்கு நஷ்ட ஈடு, அறிவிப்பு நாளில் இருந்த சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர்ச் சேதம், மரச் சேதம் தனி.

மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா என் ஆபீசுக்கு வந்தார். "நெலம் எங்களுது, அடியில கொழாயி அவங்களுது. ஊடு கட்டக் கூடாதாம், பத்துல ஒரு பங்குதான் துட்டாம். இது இன்னா நாயம் வக்கீலய்யா?"

"நியாயமா இல்லையான்னு அப்புறம் பேசலாம்மா. இந்த நோட்டீசு என்னிக்கு வந்துச்சு?" என்றுதான் நான் கேட்டேன்.

ஏனென்றால் ஆட்சேபம் சொல்ல 21 நாள்தான். அவர் ஒன்பதாவது நாளே வந்துவிட்டார். அதே சட்டத்தில் 7-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அறிவிப்புக்கு முன்பே குடியிருப்பாக உள்ள நிலம், நிரந்தரக் கட்டடம் உள்ள நிலம், வீட்டை ஒட்டிய நிலம் இவற்றின் அடியில் குழாய் போகக் கூடாது. ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் போகக் கூடாது. அந்த அம்மாவின் வரைபடத்தைப் பார்த்தால், கோடு நேராக வீட்டுக் கொல்லையில் ஓடியது. வீட்டு வரி ரசீதும் பழைய மின்சார அட்டையும் வைத்து மனுப் போட்டோம். விசாரணையில் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கோடு வரப்போரமாக நகர்ந்தது. தொகை பெரிதாக ஏறவில்லை. ஆனால் அந்த அம்மாவின் பேரன் இன்றைக்கு அதே கொல்லையில் வீடு கட்டியிருக்கிறான். பத்து சதவீதத்தைப் பதினைந்தாக்க முட்டி மோதியிருந்தால் 21 நாள் போயிருக்கும், கொல்லையும் போயிருக்கும். கொடுத்த தொகை போதாது என்றால் அதற்கு மாவட்ட நீதிபதியிடம் பிறகு போகலாம், வழி இருக்கிறது. கோடு எங்கே போகிறது என்பதற்கு அந்த 21 நாள்தான்.

நண்பர்களே, இவ்வளவு நேரம் பட்டா உள்ளவர்களைப் பற்றித்தான் பேசினேன். பட்டா இல்லாதவர்கள் கதையைச் சொல்லாமல் இறங்கினால் இந்த மண்ணில் படித்ததற்கு அர்த்தம் இல்லை.

2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. வலையும் படகும் கறுத்துப்போயின, நண்டும் இறாலும் விலை போகவில்லை. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. கழிமுகத்துக்குப் பட்டா கிடையாது, வாரமும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அதில் பிழைத்தவருக்கு எந்தக் குத்தகையிலும் கையெழுத்துப் போடும் இடம் இல்லை. முன்கூட்டியே பேரம் பேச முடிந்தவருக்கு விலை கிடைக்கிறது. பேச முடியாதவருக்கு நடந்து முடிந்த பிறகு நிவாரணம் கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் நம் வடசென்னையின் கதை. இந்தக் கல்லூரியில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறீர்கள். சட்டம் படியுங்கள். ஒரு திட்டம் வரும் முன் நடக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். உங்கள் பெரியவர்களுக்கு மேசையில் நாற்காலி போடக்கூடிய இடம் இப்போதைக்கு அது ஒன்றுதான். பேசியதைக் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள்.

மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் மிக எளியது. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் உடனே மாற்றுங்கள். வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, நில அளவை வரைபடம் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். காகிதம் எந்த மொழியில் வந்தாலும் புரிகிற மொழியில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "இன்னிக்கே போட்டாத்தான் இந்த ரேட்டு" என்று யாராவது அவசரப்படுத்தினால், அன்றைக்குப் போடாதீர்கள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு உட்காருங்கள். கையெழுத்துப் போடும் வரை நீங்கள் பேசலாம், கம்பெனி கேட்கும். போட்ட பிறகு காகிதம்தான் பேசும்.

பிரியாணி வாசனை மேடை வரை வந்துவிட்டது. சந்தேகம் உள்ளவர்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்காரலாம், ஃபீஸ் கிடையாது.